கால்வாய்க் கரையில் முப்பது கட்லட்

1

ஓடிக்கொண்டிருக்கும் கப்பலுக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கலாம் என்று நம்பி, சுவிற்சர்லாந்திலிருந்து ஜெர்மனியின் வடக்கு விளிம்புவரை பத்து மணித்தியாலம் ரயிலில் போனவன் நான். அப்போது வயது ஐம்பத்திரண்டு. கண்ணாடி போட்டால் கண் நன்றாகவே தெரியும். வீட்டில் இரண்டு அலுமாரி நிறையப் புத்தகம். கப்பல் தண்ணீரில் போகும், கரை நிலத்தில் இருக்கும், இரண்டுக்கும் நடுவில் இடைவெளி உண்டு என்ற அளவுக்கு அறிவும் உண்டு. இருந்தும் போனேன். பையில் முப்பது மீன் கட்லட், வறுத்து அரைத்த கறித்தூள் இரண்டு கிலோ, சொக்லேற் ஆறு பெட்டி.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் இந்த இடத்திலேயே சிரித்து முடித்துவிடுங்கள். பிறகு அவ்வளவு சந்தர்ப்பம் கிடைக்காது.

2

நான் இருப்பது ஓல்டனில். ஓல்டன் ஊர் என்பதைவிட ரயில் மாறும் இடம் என்பதுதான் பொருத்தம். இந்த நாட்டில் எல்லோரும் ஒருமுறையாவது இங்கே இறங்கியிருப்பார்கள். அடுத்த மேடைக்கு ஓடிப்போய் வேறு ரயில் ஏறியிருப்பார்கள். நான் முப்பது வருடமாக ரயில் மாறாமல் நிற்கிறேன். வந்த புதிதில் டாவோஸ் மலையில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். இப்போது இங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்புக் கழுவுகிறேன். புலம்பெயர்ந்தவனின் முன்னேற்றம் என்பது கழுவுகிற பொருள் வரவரப் பெரிதாவதுதான்.

இந்தக் கணக்கில் என்னைவிட முன்னேறியவன் பாலேந்திரன். எனக்கும் ஊருக்கும் பாலன். பருத்தித்துறையில் பக்கத்துப் பக்கத்து வளவு, ஒரே வகுப்பு, ஒரே சைக்கிள். அவன் ஓர் உல்லாசப் பயணக் கப்பலின் அடித்தட்டில் சலவை செய்கிறான். இரண்டாயிரம் பேரின் விரிப்பு, துவாய், குளியலங்கி. ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் ஊர்.

2022ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒருநாள் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து தொலைபேசியில் எடுத்தான்.

"மச்சான், வாற மாதம் உங்கட பக்கம் வாறன்."

"எங்கட பக்கம் கடல் இல்லையடா."

"ஜெர்மனி உங்கட பக்கம்தானே? அங்க ஒரு கால்வாய் கிடக்காம். இங்கிலாந்திலயிருந்து வெளிக்கிட்டு அதுக்குள்ளால போய்க் கோபன்ஹேகன். கரையில நிக்கிற மாட்டைக்கூட எண்ணலாமாம், அவ்வளவு கிட்ட."

கப்பல் ஜெர்மனியில் எங்கும் நிற்காது. கோபன்ஹேகனில் பயணிகள் மாறுகிற நாள்; அன்றைக்குச் சலவைக்காரனை வெளியே விடமாட்டார்கள். ஆகவே அவனைக் காண வேண்டுமென்றால் அந்தக் கால்வாய்க் கரைதான்.

"கண்டு முப்பத்து மூண்டு வருசம்" என்றான். "பின்பக்கம், கீழ்த்தட்டில நிப்பன். வெள்ளை உடுப்பு. கையில நீலத் துவாய் பிடிப்பன். வருவியோ?"

வருகிறேன் என்றேன். அவனைப் பார்க்கும் ஆசை ஒரு பங்குதான். மற்றப் பங்கு, பதின்மூன்று வருடமாக அவனிடம் நான் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று. அதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவது என்று அந்த வாரத்தில்தான் முடிவெடுத்திருந்தேன். முடிவெடுக்க வைத்தவள் என் மனைவி கௌரி. அவள் முடிவெடுக்க வைத்தால் அதற்கு வேறு பெயர்.

3

என் சுவிஸ் கடவுச்சீட்டின் பத்து வருடம் முடிந்துவிட்டது. புதுப்பிப்பதற்காகக் கௌரி பழைய ஃபைலைத் திறந்தாள். இந்த நாட்டில் ஒரு மனிதனுக்கு இதயம் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். ஃபைல் இல்லாவிட்டால் முடியாது. தூசி உறிஞ்சியின் உத்தரவாத அட்டைக்குக் கீழே நாலாக மடித்த ஒரு பத்திரம் இருந்தது. அவள் விரித்தாள், வாசித்தாள், என் முன்னால் வைத்தாள்.

"இது குடுத்ததெண்டெல்லோ சொன்னனீங்கள்?"

நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

"இதில என்ர கையெழுத்தும் கிடக்கு. என்ர கையெழுத்தையும் சேத்தெல்லோ இவ்வளவு காலமும் பூட்டி வைச்சிருக்கிறியள்!"

இனி அதைச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து ஒன்பதைப் பற்றி எழுதத் தகுதியுள்ளவர்கள் வேறு இருக்கிறார்கள். நான் அந்த வருடம் முழுவதும் ஓல்டனில் தொலைபேசியோடு இருந்தவன். வருட முடிவில் பாலன் முகாமிலிருந்து வெளியே வந்தபோது அவன் கையில் ஒரு பை இருந்தது. கூடப் போனவர்கள் இருக்கவில்லை. எடுத்துக் கதைத்தான். அழவில்லை. "மூண்டு மாதம் உன்னோட வந்து நிண்டிட்டுப் போறனடா. எனக்குக் கொஞ்சம் நித்திரை கொள்ளவேணும்" என்றான்.

விசா என்றால், இங்கே இருக்கிறவன் உத்தரவாதம் கொடுக்க வேண்டும்: வருகிறவருக்கு நான் பொறுப்பு, திரும்பிப் போவதற்கும் நான் பொறுப்பு என்று. கொழும்பிலிருந்து அவன் அந்தப் பத்திரத்தை அனுப்பினான். நானும் கௌரியும் கையெழுத்து வைத்தோம். அதைக் கெமைண்டே என்கிற ஊராட்சி அலுவலகத்தில் கொடுக்க வேண்டியது என் வேலை. வீட்டிலிருந்து நடந்தால் ஏழு நிமிடம்.

அதே மாதம் என் குடியுரிமை விண்ணப்பமும் போய்க்கொண்டிருந்தது. அதற்கு, என்னை நன்றாகத் தெரியும் என்று சொல்லக்கூடிய சுவிஸ்காரர் மூன்று பேர் கையெழுத்து வைக்க வேண்டும். மேலதிகாரி வைத்தார். கட்டடக் காவலாளி வைத்தார். மூன்றாவது ஆள், மேல்மாடி அம்மா ஃபிராவ் மோசர். எங்கள் கட்டடத்தில் நிலவறையில் ஒரே சலவை இயந்திரம், ஆளுக்கொரு நாள் என்று அட்டவணை. என் முறைநாள் அல்லாத ஒரு நாளில் நான் அங்கே போய் நின்றதைப் பார்த்து முதலில் முகம் சுளித்தார். காகிதத்தை நீட்டியதும் சிரித்துவிட்டார். வாசிக்கவில்லை. மூக்குக் கண்ணாடிகூட அவரிடம் இல்லை. சுற்றிக்கொண்டிருந்த இயந்திரத்தின் மேல் வைத்தே எழுதினார். அதிர்வில் கையெழுத்து குதித்துக் குதித்துப் போனது.

"நீங்கள் ஒழுங்கான ஆள்தானே, ஹெர் சிவா" என்றார்.

படியேறி வீட்டுக்குள் வந்தேன். மேசையில் பாலனின் பத்திரம் இருந்தது. அவன் வந்து திரும்பிப் போகாவிட்டால் என்று யோசித்தேன். போகமாட்டான் என்றுதான் என் மனம் சொன்னது. நானாக இருந்தால் போயிருக்கமாட்டேன். அப்படி நடந்தால் என் ஃபைலில் ஒரு கோடு விழும் என்று யாரோ ரயிலில் கதைத்தது ஞாபகம் வந்தது. யாரென்று தெரியாது. உண்மையா என்று எந்த அதிகாரியிடமும் நான் கேட்கவில்லை. உண்மையில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயமாகவும் இருக்கலாம். பத்திரத்தை நாலாக மடித்து ஃபைலில் வைத்தேன். தூசி உறிஞ்சிக்கு இரண்டு வருட உத்தரவாதம் இருந்தது. பாலனுக்கு ஒரு நாளும் இல்லை.

"குடுத்தனான் மச்சான், அவை ஏலாதெண்டிட்டினம்" என்று தொலைபேசியில் சொன்னேன்.

"பரவாயில்லையடா" என்றான் அவன். "நீ உன்னால ஏலுமானதைச் செய்தனீதானே." நன்றியும் சொன்னான். அதுதான் பிறகு செரிக்கவில்லை.

குடியுரிமை நேர்முகத்தில் ஏரிகளின் பெயர் கேட்டார்கள், சொன்னேன். உங்கள் நெருங்கிய நண்பர் யார் என்று கேட்டார்கள். ஃபிராவ் மோசர் என்றேன்.

4

கடவுச்சீட்டு வந்த பிறகு இரண்டு தடவை ஊருக்குப் போனேன். இரண்டு தடவையும் பாலன் கடலில். "என்ன விதியடா இது!" என்று அவன் கவலைப்பட்டான். விதி இல்லை. எந்த மாதம் கப்பலில் நிற்பாய் என்று அவனிடமே கேட்டுத்தான் டிக்கெட் போட்டேன்.

இது கௌரிக்கும் தெரியாது. இப்போது வாசிப்பாள்.

மகள் ஆரணிக்கு விவகாரத்தின் உள்பக்கம் தெரியாது. அவள் கூர் என்ற நகரத்தில் தாதியாக வேலை செய்கிறாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்களைப் பார்க்க வருவாள். வந்து தன் கைத்தொலைபேசியைப் பார்ப்பாள். எங்களோடு தமிழ் கதைப்பாள் என்றாலும் கோபம் வந்தால் சுவிஸ் ஜெர்மனுக்கு மாறிவிடுவாள். நல்ல வேளை, எனக்கு இன்னும் அதில் பாதி விளங்காது. கப்பல் எங்கே நிற்கிறது என்று காட்டும் செயலியை என் தொலைபேசியில் இறக்கித் தந்தவள் அவள்தான்.

சமையலறையில் கௌரி கட்லட் உருட்டுவதைப் பார்த்து ஆரணி கேட்டாள்:

"உதை என்னெண்டு குடுக்கப் போறீங்கள்? அப்பா, அது கப்பல். நிக்காது."

"மெதுவாத்தான் போகுமாம் பிள்ளை. சைக்கிள் வேகம்."

"சைக்கிளில போறவனுக்கு ஆரும் கட்லட் குடுப்பினமோ?"

"ரயிலில போறவனுக்கே குடுத்திருக்கிறம்."

உண்மை. யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஓடிய கடைசிக் காலத்தில் நான் வெளிநாட்டுக்கென்று கொடிகாமத்தில் ஏறினேன். பாலன் சாப்பாடு கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தான், வரவில்லை. ரயில் வெளிக்கிட்ட பிறகு மேடையின் மற்ற அந்தத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். யன்னலோடு சேர்ந்து ஓடினான். மேடை முடியப் போகும் இடத்தில், "பிடியடா, விசரா!" என்று கத்தி, புட்டுப் பார்சலை என் கையில் திணித்தான். வாழையிலைச் சூடு கொழும்புவரை இருந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். இல்லை, மதவாச்சிக்கு முன்னமே முடித்துவிட்டேன்.

எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. ஒருவரைக் காணப் போனால் வெறுங்கையோடு போகத் தெரியாது. அந்த ஆள் அசைகிறாரா, நிற்கிறாரா, நடுவில் தண்ணீர் இருக்கிறதா என்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"எட்டி எறிஞ்சாலும் விழும்" என்றேன்.

ஆரணி தாயைப் பார்த்தாள். பிறகு சுவிஸ் ஜெர்மனில் ஏதோ சொன்னாள்.

கௌரி கட்லட்டைப் பொதி கட்டித் தந்தாள். வாசலில் மெதுவாகச் சொன்னாள்: "இது அவருக்கு. உங்களுக்கில்லை. அந்தக் கதையைச் சொல்லாம மட்டும் திரும்பி வந்திடாதேங்கோ."

5

கால்வாய் ஓடும் ரென்ட்ஸ்பூர்க் என்ற ஊரை நான் தேர்ந்தெடுத்த காரணம், அங்கே ரயில் நிற்கும். ஓல்டன்காரன் புத்தி. முதல் நாளே போய் ஒரு விடுதியில் தங்கி, காலையில் கரைக்கு நடந்தேன். என் மனதிலிருந்த கால்வாய், ஊர் வாய்க்காலின் பெரியண்ணன். அங்கே கிடந்தது ஓர் ஆறு. கப்பல் நடுவால் போனால் எனக்கும் அதற்கும் இடையில் குறைந்தது ஐம்பது மீற்றர் தண்ணீர். கட்லட் எறிவது பற்றிய என் கணிப்பை அந்த இடத்திலேயே கைவிட்டேன்.

கரையோரம் ஓர் உணவகம். கப்பல் பார்ப்பதற்கென்றே வருகிற ஓய்வூதியக்காரர்கள் கேக்கும் கோப்பியுமாக இருந்தார்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒலிபெருக்கியில் அறிவித்தல்: பெயர், நீளம், எங்கிருந்து எங்கே. பிறகு அது எந்த நாட்டுக் கொடியோ அந்த நாட்டுத் தேசிய கீதம். மண் ஏற்றிய கப்பல்களுக்குக்கூட மரியாதை. விசா கேட்கவில்லை.

பதினொரு மணிக்குச் சற்று முன் வளைவில் மரங்களுக்கு மேலாக ஒரு வெள்ளை மாடிக்கட்டடம் நகர்ந்து வந்தது. பத்துத் தட்டு. இவ்வளவு பெரிய பொருள் இவ்வளவு சத்தமில்லாமல் அசைந்ததை நான் கண்டதில்லை. ஒலிபெருக்கி பகாமாஸ் நாட்டுக் கீதத்தை வாசித்தது. அந்தக் கப்பலில் பகாமாஸ்காரர் ஒருவர்கூட இல்லை என்று பாலன் சொல்லியிருக்கிறான்.

பல்கனிகளில் குளியலங்கியோடு நின்றவர்கள் எல்லோரும் எனக்குக் கையசைத்தார்கள். முப்பது வருடத்தில் இத்தனை வெள்ளைக்காரர் ஒரே நேரத்தில் எனக்குக் கையசைத்ததில்லை. அந்த அங்கிகள் எல்லாம் பாலன் தோய்த்தவை என்ற பெருமையில் நானும் அசைத்தேன்.

பிறகு பின்பக்கம் வந்தது. கீழ்த்தட்டில், ஒரு கம்பிவேலிக்குப் பின்னால், வெள்ளை உடுப்பில் ஓர் ஆள். கையில் நீலத் துவாய்.

"பாலன்!"

அவன் கரையைத் தேடினான். என்னைக் கண்டான். துவாயைத் தலைக்கு மேல் சுற்றினான்.

இவ்வளவு காலம் கழித்துக் கண்டவனிடம் என் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா? "சாப்பிட்டியோ?" அதையும் இரண்டு தடவை கத்தினேன். பையைத் தூக்கிக் காட்டினேன். அவன் சிரிப்பது தெரிந்தது. கப்பல் போய்க்கொண்டே இருந்தது. நான் கரைவழியே ஓடத் தொடங்கினேன். கேக் சாப்பிட்டவர்கள் கரண்டியை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். இரண்டு கிலோ கறித்தூள் என் முழங்காலில் அடித்தது. சைக்கிள் வேகம்தான், ஆனால் ஐம்பத்திரண்டு வயதுக்குச் சைக்கிள் வேகம் என்பது சின்ன விஷயமில்லை.

பாதை ஒரு வேலியில் முடியப் போவது தெரிந்தது. இனி நேரமில்லை.

"நான் அந்தப் பத்திரத்தைக் குடுக்கேல்லையடா!" என்று கத்தினேன். "அவை மறுக்கேல்லை! நான்தான்! நான்தான் வைச்சிருந்தனான்! பயத்தில! கேக்குதோ?"

என் வாழ்நாளில் இவ்வளவு சத்தமாக நான் உண்மை பேசியதில்லை.

அவன் துவாயைத் தோளில் போட்டான். வலக்கையை நீட்டினான். பெருவிரலை உயர்த்திக் காட்டினான்.

வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்கக்கூடாது என்பார்கள். கப்பல் கவிழவில்லை, ஒழுங்காகத்தான் போனது. நான் கன்னத்தைத் துடைத்தேன்.

திரும்பி நடந்தபோது ஒரு முதிய தம்பதி என்னைத் தங்கள் மேசையில் இருத்தினார்கள். "உங்கள் சகோதரரா?" என்று கேட்டார் அந்த அம்மா. என் வாயில் சுவிஸ் ஜெர்மன் வந்தது. பிறகு விளங்கக்கூடிய ஜெர்மனில் ஆம் என்றேன். கௌரி சொன்னதை மீறிப் பொதியை அவிழ்த்தேன். கிழவர் மூன்றாவது கட்லட்டைக் கடித்தபடி சொன்னார்: "கால்வாய் முடிகிற இடத்தில் பெரிய கதவுகள் இருக்கின்றன. எல்லாக் கப்பலும் அங்கே நிறுத்தி, கதவு திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். இங்கே ஏன் ஓடினீர்கள்?"

6

வீட்டுக்கு வந்ததும் கௌரி கேட்டாள்: "சொன்னீங்களோ?"

"சொன்னன்."

"அவர் என்ன சொன்னவர்?"

"பெருவிரலைக் காட்டினவன்."

"பெருவிரலோ?" என்றாள். கறித்தூளை வாங்கி அலுமாரித் தட்டில் வைத்தாள்.

மூன்று நாள் நான் மிதந்தேன். முதியோர் இல்லத்தில் விரிப்பு மடிக்கும்போது பாட்டு முணுமுணுத்தேன். இவ்வளவு இலகுவாக முடியும் விஷயத்தைப் பதின்மூன்று வருடம் சுமந்தேனே என்று என்னையே நொந்துகொண்டேன். நாலாம் நாள் மத்தியானம், உணவு இடைவேளையில், பாலன் எடுத்தான்.

"மச்சான், கோவிச்சுப்போட்டியோ?"

"என்னத்துக்கடா?"

"அண்டைக்கு நான் மேல வரேல்லையெல்லோ. அயர்ன் மெசின் ஒண்டு இறுகிப் போச்சு, மேற்பார்வைக்காரன் அசைய விடேல்லை. நீ அவ்வளவு தூரம் வந்து நிண்டிருப்பாய், ஒருத்தரும் இல்லாட்டிச் சரியில்லையெண்டு எங்கட இந்தோனேசியப் பொடியன்ர கையில துவாயைக் குடுத்து விட்டனான். ஆருக்கெண்டு விளக்க நேரமில்லை, நல்லா ஆட்டெண்டு மட்டும் சொல்லி விட்டனான். ஆட்டினவனோ?"

"ஆட்டினவன்" என்றேன்.

கையில் குடுத்து விடுவது. கடலிலும் எங்கள் வியாதி மாறவில்லை.

சாப்பாட்டறையில் இருந்தவர்கள் எழுந்து போகத் தொடங்கினார்கள். என் தட்டில் உருளைக்கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது. இப்போது சொல்லாவிட்டால் இன்னொரு கால்வாய் கிடைக்காது என்று தெரிந்தது. சத்தமில்லாமல் சொன்னேன். பத்திரம் வந்தது, இருவரும் கையெழுத்து வைத்தது, ஏழு நிமிட நடை, ஃபைல், பொய். ஊருக்கு டிக்கெட் போட்ட கதையையும் சொன்னேன். தொடங்கினால் எல்லாமே வருகிறது.

மறுபக்கத்தில் இயந்திரங்கள் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குப் பழக்கமான சத்தம்தான். துவாய்கள் பிழிபடுகின்றன.

"இதையோ கரையில நிண்டு கத்தினனீ?" என்றான் கடைசியில்.

"ஓம்."

"தமிழிலயோ?"

"ஓமடா."

பிறகு சொன்னான்:

"பொடியன் கீழ வந்து சொன்னவன். சுவெஸ் கால்வாயிலதான் சாமான் விக்கிறவங்கள் கத்திக்கொண்டு வருவாங்களெண்டு பாத்தா, ஜெர்மனியிலயும் ஒருத்தன் பையைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டு ஓடி வந்தவனாம். பாவமாம். ஒருத்தரும் ஒண்டும் வாங்கேல்லையாம்."